அப்பா விட்டுவிட்ட பக்கம்

அன்புள்ள மூத்தவனுக்கு,

அப்பா வரைந்த குடும்பப் படத்தில் நீ இல்லை என்று போனை வைத்தவன், அப்புறம் எடுக்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன். உன் கல்யாணத்தில் எனக்கு நாற்காலி போடாததையே நான் மறக்கவில்லை. இதையும் மறக்க மாட்டேன்.

மூளை டாக்டரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். "ஸ்கேனைவிட இது தெளிவா சொல்லுதும்மா. பக்கவாதம் வந்ததுல, இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே அவர் மூளை விட்டுடுச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். தட்டிலும் இடது பக்கத்தை அப்பா தொடுவதில்லை. என் சமையலுக்குத்தான் முகம் சுளிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் பார்த்து வரைந்த போட்டோவில் நீ இடது ஓரத்தில் நிற்கிறாய். நேற்று அதைத் தலைகீழாக வைத்து, மறுபடி வரையச் சொன்னேன்.

"என்னடி, எல்லாரையும் வௌவாலா தொங்க விட்டுட்டே?" என்று சிரித்துக்கொண்டே வரைந்தார். முதல் ஆளாக நீ வந்தாய், கன்னத்து மச்சத்தோடு. மறு ஓரத்தில் நின்ற நான் காணாமல் போனேன். நான் கோபித்துக்கொண்டா போனேன்?

பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. அப்பாவுக்கு வலது பக்கம் உனக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். நாற்காலி போட எனக்குத் தெரியும்.

உன் அம்மா