பெரிய சைக்கிளும் என் பொய்யும்

மச்சான்,

இன்று காலை கட்டுகஸ்தோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்குள் நுழைந்தேன். புது டயர் வாசம் மூக்கில் ஏறியதும் பயத்தில் ஓரடி பின்வாங்கினேன். நீ இருந்திருந்தால், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான்டா" என்று கடைக்காரர் முன்னாலேயே என் மானத்தை வாங்கியிருப்பாய். நீ இல்லை. பக்கத்தில் என் மகள் நின்றாள். வத்தேகமைக்கு மேலே, காடாகிப் போன தேயிலை மலையில் நீ மண் கொத்திக் கட்டினாயே மேடுகள், அவற்றில்தான் இப்போது அவளும் கூட்டாளிமாரும் சைக்கிளில் பாய்கிறார்கள். இரவல் சைக்கிளில் ஓடியது போதுமாம், இனி சொந்தமாக ஒன்று வேண்டுமாம்.

கடைக்காரர் மடவளை ஊர் முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா. இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது: தாழ்ந்த சீட், பின்னால் ஸ்பிரிங் கிடையாது, ஒரேயொரு பிரேக். மற்றது பெரியது: முன்னும் பின்னும் ஸ்பிரிங், தடித்த டயர், இரண்டு பிரேக். மலை உச்சியிலிருந்து கல்லிலும் வேரிலும் இறங்கி வருவதற்கென்றே செய்தது.

"மகள் எங்க ஓடப் போறா? அதச் சொன்னா போதும்" என்றார் நானா.

இதே மாதிரி இரண்டுக்கு நடுவில் நீயும் நானும் ஒருநாள் நின்றோமே. உனக்குச் சின்னதில்தான் கண். நான்தான், "பெரியத எடு மச்சான், பாயுறதுக்கு அதுதான் நல்லது, விசாரிச்சுட்டேன்" என்றேன். யாரிடம் விசாரித்தேன்? ஒரு குருவியிடம்கூட இல்லை. ஒற்றைப் பிரேக்கைப் பார்த்துப் பயந்துபோனேன், அவ்வளவுதான். முனிசிபல் ஆபீசில் ஃபைல் புரட்டுகிறவனுக்குச் சைக்கிளைப் பற்றி என்ன தெரியும்? "படிச்சவன் சொல்றான்" என்று நீ அதையே எடுத்தாய்.

மூன்றாவது மேட்டில் நீ காலால் கொடுத்த அழுத்தத்தையெல்லாம் அந்த ஸ்பிரிங் விழுங்கிவிட்டது. சைக்கிள் போதுமான உயரத்துக்கு எழும்பவில்லை. எதிர்ச் சரிவைத் தொடாமல் இடையில் விழுந்தாய். கீழே நின்ற எனக்கு எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்டா சரியா எழும்பல, என் பிழை" என்று முனகினாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். தோள் ஆறிய பிறகும் வாய் திறக்கவில்லை. இன்னொரு நாள் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

போன வருஷம் டெங்கு வந்து நான்கே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நான் நடுங்கி நடுங்கிப் பார்த்த மலை உன்னை விட்டுவிட்டது, ஒரு கொசு விடவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எதற்குப் பயப்படுவது, எதற்குப் பயப்படாமல் இருப்பது என்றே தெரியவில்லை. மகள் இருமினால் பயம். அவள் வரும் பஸ் பத்து நிமிஷம் பிந்தினால் பயம்.

அப்படிப்பட்டவன் கடையில் என்ன செய்வேன்? "பெரியத எடும்மா, பாயுறதுக்கு அதுதான் நல்லது." அதே வார்த்தை, மச்சான். தானாக வாயில் வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். "யாருப்பா சொன்னாங்க?"

நீ கேட்காத கேள்வி.

"யாரும் சொல்லல. எனக்குப் பயமா இருக்கு. ஈரக்குலை நடுங்குது" என்றேன். நானா பார்த்துக்கொண்டிருக்க, உன் கதை முழுவதையும் அவளிடம் கொட்டினேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

அவள் சின்ன சைக்கிளின் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். பிறகு, "எனக்கும் பயம்தான்ப்பா. ஒவ்வொரு தடவையும். ஆனா பெரியது மேட்டுல கவுத்துரும்" என்றாள். நானாவிடம் திரும்பி, "சின்னதுல முன்னுக்கும் ஒரு பிரேக் போடலாமா?" என்று கேட்டாள். "அதுக்கென்ன, போட்டுத் தாறேன்" என்றார் அவர்.

சின்னதைத்தான் எடுத்தோம். நாளைக் காலையில் பாயப் போகிறாள், நான் கீழே நிற்கப் போகிறேன். பயம் ஒரு குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை. ஆனால் அது ஏன் என்று அவளுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாமலே போய்விட்டது.

அன்றைக்குப் பிழை உன்னுடையது இல்லை, மச்சான். நீ சரியாகத்தான் எழும்பினாய்.