நெருப்புக் காட்டிய றபான்

நற்பிட்டிமுனை,
ஞாயிறு, அஸருக்குப் பின்.

அன்பு மகன் இஹ்ஸானுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம், ஆகவே சுகமாகவே இருக்கிறோம், உன்னையும் அல்லாஹ் அப்படியே வைத்திருக்கட்டும். உன் போனை முதலாளி பறித்து வைத்த பிறகு கதைக்க வழியில்லை, அதனால்தான் உங்கள் ஒட்டகப் பண்ணைக்குப் பத்து நாளைக்கு ஒருக்கால் தண்ணீர் பவுசர் ஓட்டிவரும் காரைதீவு அழகரெத்தினத்திடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், லீவு முடிந்து புதன்கிழமை பிளேன் ஏறுகிறார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன், பிழைகளை ஒட்டகங்களுக்கு வாசித்துக் காட்டு, அதுகளாவது சிரிக்கட்டும்.

மகன், போன மாதம் நான் நீ இருக்கும் நாட்டுக்கு வந்துபோனேன். பொய்யில்லை. கலாசாரப் பரிமாற்றம் என்று அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது, நம்முடைய பொல்லடிக் குழுவில் பன்னிரண்டு பேர் கம்பு அடித்து ஆட, நானும் ஷரிபுதீனும் றபான் மேளம் தட்ட, ஆறு நாள். எனக்குக் கலாசாரமும் விளங்காது பரிமாற்றமும் விளங்காது, அந்த நாட்டின் பெயரைக் கண்டதும் கையெழுத்தை வைத்துவிட்டேன். உம்மா சம்பலும் தொதலும் கட்டித் தந்தாள், உன்னை விமான நிலையத்திலேயே பிடித்து ஊட்டிவிடலாம் என்ற நினைப்பில். உன் பண்ணை நாங்கள் தங்கிய பட்டணத்தில் இருந்து நானூறு கிலோமீற்றர் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரியும். தொதலை நாங்களே தின்றோம், என்னை மன்னித்துக்கொள்.

ஆனாலும் நான் சும்மா வரவில்லை. மௌலவியைக் கொண்டு அறபியில் ஒரு கடதாசி எழுதி வைத்திருந்தேன். உன் பெயர், பாஸ்போட் நம்பர், சாரதி வேலை என்று கூட்டிப்போய் ஒட்டகம் மேய்க்க விட்டது, இரண்டு வருட ஒப்பந்தம் முஹர்ரத்தோடு முடிந்தும் முதலாளி வெளியேறக் கையெழுத்துத் தராமல் இன்னும் இரண்டு வருடம் நில் என்பது, எல்லாம் இருந்தது. கடைசி நாள் நிகழ்ச்சிக்கு அந்த நாட்டின் பெரிய அதிகாரி ஒருவர் வந்து மேடையில் நிற்கிறவர்களுக்குக் கைகொடுப்பார் என்று சொன்னார்கள். கை நீட்டும்போது கடதாசியையும் நீட்டுவது, இதுதான் என் திட்டம். குழுத் தலைவர் யாரும் மனு கினு கொடுத்து மானத்தை வாங்கக்கூடாது என்று எச்சரித்ததால் ஒருவருக்கும் மூச்சு விடாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இனி நடந்ததைக் கேள். நம்முடைய கடற்காற்றில் றபான் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும், மேடைக்கு ஏற முதல் தேங்காய்ச் சிரட்டை நெருப்பில் காட்டி எடுப்போம், நீ சின்ன வயதில் பார்த்ததுதான். அங்கேயும் நான் நெருப்புக் கேட்டேன். ஷரிபுதீன் தட்டிப் பார்த்துவிட்டு, காக்கா, தோல் கணீரெண்டு கிடக்கு, இஞ்ச காத்துல ஒரு சொட்டு ஈரம் இல்ல, என்னத்துக்கு நெருப்பு என்றான். என்ட வாப்பா காட்டின, நானும் காட்டுவன், நீ உன்ட வேலையப் பாரு என்றேன். கோப்பி வைக்கிறவரின் கரியடுப்பில் பிடித்தேன், அந்த ஊர்க்காரர்கள் வந்து நின்று அதிசயமாகப் படம் எடுத்தார்கள், நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். பட்டென்று ஒரு சத்தம். தோல் ஓரத்தில் இருந்து நடுவரைக்கும் பிளந்துவிட்டது. பதினொரு வருடம் உழைத்த ஆட்டுத்தோல்.

றபான் இல்லாதவனுக்கு மேடையில் என்ன வேலை. ஷரிபுதீன் தனியே ஏறினான், நான் திரைக்குப் பின்னால் பதின்மூன்று சோடிச் செருப்புக்குக் காவல். மகன், ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவன் ஏறும்போது கடதாசியை அவன் கையில் கொடுத்திருக்கலாம். தோல் கிழிந்த வெட்கத்தில் எனக்கு நீ மறந்துபோனாய். கம்பு அடிக்கத் தொடங்கிய பிறகுதான் கடதாசி நினைவுக்கு வந்தது, அப்போது நடுவே ஓட முடியாது. அதிகாரி வந்தார், ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார், மொழிபெயர்ப்பாளரை வைத்து, உங்களுக்கு ஏதும் குறை உண்டா என்று ஷரிபுதீனிடம் கேட்டார். அவன் நெஞ்சில் கைவைத்து, ஒரு குறையுமில்ல, அல்ஹம்துலில்லாஹ் என்றான். அவனில் பிழையில்லை, அவனுக்கு என்ன தெரியும். நான் வெறுங்காலோடு ஓடினேன், கார் போய்விட்டது. மொழிபெயர்ப்பாளர் கடதாசியை முழுதும் வாசித்து, மடித்து என் கையிலேயே தந்தார், முதலாளி கையெழுத்து வைக்காமல் ஒன்றும் நடக்காது, இது எங்கள் பகுதி வேலையும் இல்லை என்றார். இங்கே வந்து மூன்று அரசாங்கக் கந்தோர் ஏறினேன், மூன்றிலும் அதே சொல், ஒன்றில் மட்டும் உட்காரக் கதிரை தந்தார்கள்.

வரும் வழியெல்லாம் அந்தத் தோலைத் தடவிக்கொண்டே வந்தேன். அது ஒரு கிழமைகூட அங்கே தாங்கவில்லை. உன் தோல் இரண்டு வருடத்துக்கு மேலாக அங்கே கிடக்கிறது. சாரதி வேலை நல்ல வேலை என்று உன்னை உந்தி அனுப்பினவனும் இதே மடையன்தான். அழகரெத்தினத்திடம் தேங்காயெண்ணெய் இரண்டு போத்தல் விடுகிறேன், உதட்டிலும் குதிக்காலிலும் தினமும் பூசு. வெயிலில் தலைத்துணியைக் கழற்றாதே. முதலாளியோடு வாய்க்கு வாய் கதைக்காதே.

உம்மாவிடம் கடதாசியைப் பெரிய அதிகாரியின் கையிலேயே கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்து வேறொன்றும் சொல்ல வாய் வரவில்லை. அதை நம்பி உன் சாறன்களை எல்லாம் தோய்த்து மடித்து வைத்திருக்கிறாள். தங்கச்சி ஸப்னாவின் நிக்காஹ்வையும், காக்கா இஹ்ஸான் வராம நடக்காது, இனிக் கொஞ்ச நாள்தானே என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் தள்ளிப் போட்டுவிட்டாள். அவர்கள் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்களோ. நான் கிழிந்த றபானைப் போல சத்தமில்லாமல் இருக்கிறேன்.

அந்தக் கடதாசியை இதோடு வைத்திருக்கிறேன். இங்கே இருந்தால் உம்மா கண்டுவிடுவாள், கிழித்துப்போடவும் கை வரவில்லை. அல்லாஹ் உன் உடம்பையும் ஈமானையும் காக்கட்டும், கடலில் ஒருதரம் குளிக்கவாவது உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மறக்காதே, அழகரெத்தினத்தின் போனில் உம்மாவோடு கதைக்கக் கிடைத்தால், கடதாசி போய்ச் சேர்ந்தது, பார்க்கிறார்கள் என்று மட்டும் சொல். மற்றதை வாப்பா பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று மட்டும் கேட்காதே.

துஆவுடன்,
உன் வாப்பா
முகைதீன்பாவா