அத்தையின் நீண்ட முற்றுகை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. நானும் உங்கள் மாமாவும் சௌக்கியம். மகள் எப்படி இருக்கிறாள், வயிற்றுப் பிள்ளை உதைக்கத் தொடங்கிவிட்டதா? வழக்கம்போல நாம் மாறி மாறி ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டிலேயே இரண்டு வரி தட்டிவிட்டிருப்பேன். அதை இப்போது யார் படிக்கிறார்கள் என்பதில் எனக்கொரு சந்தேகம். அதனால்தான் உங்கள் அலுவலக முகவரிக்குக் கடிதம்.

முதலில் உங்கள் கோரிக்கை. "நீங்கதான் ஜெயிச்சாச்சே அத்தை, இதோட முடிச்சுக்கலாம். குழந்தை வந்தா நேரம் இருக்காது. வேணும்னா அப்புறம் வேக ஆட்டமா ஒண்ணு போடலாம், ஒரே மூச்சுல முடிஞ்சிடும்" என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். கல் கோடரியில் தொடங்கிய ராஜ்ஜியங்கள் பீரங்கி வரை வந்துவிட்டன. ஆரம்பத்தில் ஒரு முறை ஆடினால் ஆட்டத்துக்குள் நூறு வருஷம் ஓடியது. காபி ஆறுவதற்குள் என் வேலை முடிந்துவிடும். இப்போது ஒரு வருஷம்தான் நகர்கிறது, ஆனால் அத்தனை ஊர்களுக்கும் படியளந்துவிட்டு நிமிர்வதற்குள் கண்ணாடிக் கடை திறக்கும் நேரம் தாண்டிவிடுகிறது. நேற்று கண் பரிசோதனைக்கு வந்தவர் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, "அடுத்து என்னம்மா?" என்று கேட்டார். நான் உங்கள் தலைநகர வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

யார் ஜெயிப்பார் என்று தெரிந்த பிறகும் சவ்வு மாதிரி இழுப்பதுதான் இந்த ஆட்டத்தின் கோளாறு என்கிறார் உங்கள் மாமா. "ஒரு மாசமா கோட்டை வாசல்ல படையை நிறுத்தி வெச்சிருக்கியே, உள்ளே போயேன். மாப்பிள்ளைங்கிற மரியாதையா?" என்று கேலி வேறு. மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆட்டம் முடிந்தால், உங்கள் முறையோடு சேர்ந்து வரும் அந்த ஒரு வரியும் நின்றுவிடும். 'இன்று டாக்டரிடம் போனோம்', 'புளிப்பாக ஏதாவது கேட்கிறாள்' என்று என் மகளைப் பற்றி எனக்கு வேறு யார் சொல்வார்கள்? கடையை மூடிவிட்டு எங்களோடு வந்து இரு என்றாள், முடியாது என்றேன், வார்த்தை தடித்தது. ஏழு மாதமாகப் பேச்சில்லை. வீம்பு பிடிப்பதில் தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை.

இனி என் சந்தேகம். ஆட்டத்தில் நீங்கள் சுவர் கட்டும் ஆள். ஆடு மேயும் ஊருக்குக்கூட மதில் எழுப்புவீர்கள். உங்கள் முறை வருவதும் வேலை முடிந்து ராத்திரியில்தான். ஆனால் முடித்துக்கொள்ளலாம் என்று நீங்கள் எழுதிய மறுநாளிலிருந்து மத்தியானமே வந்துவிடுகிறது. கூட ஒரு வரிச் செய்தி இல்லை. ஒரு செங்கல்கூட ஏறவில்லை. பணம் கொழிக்கும் துறைமுகத்தை என்னிடம் அப்படியே விட்டுவிட்டு, இரண்டு குதிரைப் படைகளை மட்டும் பத்திரமாக வெளியே கொண்டுபோயாயிற்று. சின்ன வயதில் சதுரங்கத்தில் ராணியைப் பறிகொடுத்தாலும் இரண்டு குதிரைகளையும் கட்டிக்காத்து, என்னிடம் தோற்றுத் தோற்று அழுத ஒருத்தியை எனக்குத் தெரியும்.

அந்தக் குதிரைகள் ஆற்றைத் தாண்டி என் எல்லைக்கு வந்து நிற்கின்றன. சண்டைக்கு வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. சும்மா நிற்கின்றன. அதைப் பார்த்து அழுதுவிட்டேன், மாப்பிள்ளை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவளுக்குத் திரை மங்கிப்போய்விட்டது.

வேலை மும்முரத்தில் நீங்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்கவும் வேண்டாம், அவளே ஆடட்டும். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரோஷத்தில் குதிரைகளைத் திருப்பிவிடுவாள்.

இந்த ஆட்டம் எப்படியும் ஒருநாள் முடியத்தான் போகிறது. அதனால் புதிதாக ஒன்று திறந்து வைத்திருக்கிறேன். என்ன வேகம் வேண்டும் என்று கேட்டது. இருப்பதிலேயே மெதுவானதைப் போட்டேன். முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். ஆகட்டுமே, அதற்குள் பிள்ளை தவழ்ந்து வந்து கீபோர்டைத் தட்டும். மூன்று பேர் ஆடலாம். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு.

நீங்கள் இருவரும், வரப்போகிறவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது இடத்தில் ஆள் உட்காராவிட்டால் கம்ப்யூட்டரே உட்கார்ந்துகொள்ளுமாம். அதை மட்டும் உட்கார விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தலைநகர வாசலிலிருந்து,
அன்புடன்,
அத்தை