கட்டாத தொட்டிக்கு நான் எழுதிய தீர்மானங்கள்

சார்,

பேச்சியம்மா தன் மஞ்சள் பையிலிருந்து அந்த ஜெராக்ஸ் தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தபோது, முதலில் என் கண்ணில் பட்டது என் எழுத்தின் அழகுதான். வெட்கம் கெட்டவள் நான். இருபத்தாறு பக்கம். வரி கோணவில்லை, அடித்தல் திருத்தல் இல்லை, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எண் போட்டிருக்கிறது. அதற்கப்புறம்தான் தலைப்பைப் பார்த்தேன்: ஓடைக்கரடு குடிநீர்த் தொட்டி, பயனாளிகள் குழுத் தீர்மானப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் கையெழுத்து. அசல் புத்தகத்தில் அது பச்சை மையில் இருக்கும். பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை எந்த அரசாங்கமும் உங்களுக்குத் தரவில்லை. நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொண்டீர்கள்.

“ஏத்தா, ஆபீசுல குடுத்த இந்தத் தாளு நீ எழுதுனதாம்ல? பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில பாத்த ஒடனே சொல்லிட்டாக, இது அமலியக்கா எழுத்துன்னு” என்றாள் பேச்சியம்மா. வருசநாட்டுக்கு மேலே இருக்கும் ஓடைக்கரட்டிலிருந்து ஒரு ஜீப்பும் இரண்டு பஸ்ஸும் மாறி, கம்பத்தில் என் வீட்டைக் கேட்டுக் கேட்டு வந்திருந்தாள். “நா படிக்காதவ. நீயே வாசி. எங்கூருல எங்கன தொட்டி கட்டியிருக்கீகன்னு வாசி, கேட்டுக்கிடுதேன்.”

நீங்கள் செத்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது, சார். உங்களுக்காகத் தேனியில் ஒரு மண்டபம் எடுத்து அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். வாசலில் நீங்கள் கும்பிட்டபடி நிற்கும் ஃபிளக்ஸ், கீழே ‘வெளிப்படையான நிர்வாகத்தின் விடிவெள்ளி’ என்று ஒரு வரி. எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டேன். பேசியவர்கள் எல்லாரும் உங்கள் ஃபைல்களைத்தான் புகழ்ந்தார்கள். ஓர் ஆள்கூட, நீங்கள் கட்டிய எதையும் நேரில் போய்ப் பார்த்ததாகச் சொல்லவில்லை. வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம், அதில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். முடிந்ததும் உங்கள் அறக்கட்டளைக்காரர்கள் என்னைத் தேடி வந்து, இரங்கல் தீர்மானத்தை நான்தான் எழுதித் தரவேண்டும் என்றார்கள். ‘இருநூறு பேர்னு போட்டுருங்கம்மா’ என்றார்கள். போட்டேன், சார். கை தானாகவே போட்டது.

அந்தக் கையை நீங்கள் பழக்கிய இடம் நினைவிருக்கிறதா? கம்பத்தில் ஏலக்காய் வியாபாரியின் சரக்குக் கிட்டங்கிக்கு மேலே ஒரு மாடி அறை, அதுதான் உங்கள் அறக்கட்டளையின் ஆபீஸ். மின்விசிறி சுற்றினால் கீழேயிருந்து ஏலக்காய் வாசம் ஏறிவரும். நம் பதிவேடுகளும் மணக்கும். ஆடிட்டுக்கு வந்தவர் ஒருமுறை வருகைப் பதிவேட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, “பாயசம் மாதிரி இருக்கு சார்” என்றார். நீங்கள் பெருமையாகச் சிரித்தீர்கள். அந்த ஆள் பாயசத்தைத்தான் பார்த்தார், பதிவேட்டைப் பார்க்கவே இல்லை.

ஒரு வருடக் கூட்டங்களை ஒரே சனிக்கிழமையில் எழுதுவோம். மேசையில் ஆறு பேனா இருக்கும். மாதத்துக்கு ஒரு பேனா மாற்றவேண்டும், ஒரே மை என்றால் சந்தேகம் வருமாம். எழுதி முடித்த புத்தகத்தை மொட்டைமாடி வெயிலில் விரித்துப் போடவேண்டும். மூலையில் லேசாக டீ தெளிக்கவேண்டும், ஆனால் தீர்மானத்தின் மேல் படக்கூடாது. கைநாட்டுகளுக்கு நான், ஜீப் டிரைவர், கீழே டீக்கடை மாஸ்டர். மாஸ்டருக்குக் கூலி இரண்டு உளுந்த வடை. அவருடைய பத்து விரலும் பத்து ஊர்ப் பெண்களாக அரசாங்கத்தில் பதிவாகியிருக்கிறது. வாய் கூசாமல் இதை நீங்கள் ‘டாக்குமெண்டேஷன்’ என்று சொல்வீர்கள்.

“நடந்தது போயிடும்மா, எழுதினதுதான் நிக்கும்” என்பீர்கள். சென்னையிலிருந்து வந்த உங்கள் பேச்சும், மடிப்புக் கலையாத சட்டையும், எல்லாரையும் ‘வாங்க, போங்க’ என்பதும் எனக்கு அப்போது பெரிய விஷயமாக இருந்தது. இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது. ஓடைக்கரட்டுக்கு நீங்கள் ஒரே ஒரு தடவைதான் கிளம்பினீர்கள். பாதி வழியில் ஜீப்பை நிறுத்தி, ஷூ சேறாகிவிடும் என்று திரும்பிவிட்டீர்கள். தொட்டிக்கான மானியம் அனுமதியாகி, பணி முடிந்தது என்று புகைப்படம் அனுப்பவேண்டிய நாளில், அடிவாரத்து ஊர் ஒன்றின் தொட்டியில் ‘ஓடைக்கரடு’ என்று பெயின்ட் அடித்துப் படம் எடுத்தோம். சாயங்காலத்துக்குள் அதன் மேல் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. அந்தப் பணம் எந்த வழியாகப் போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குப் பேச்சியம்மாவுக்கு நான் வாசிக்க ஆரம்பித்தேன். கூட்டத் தேதி, வருகை, தீர்மானம் ஒன்று, தீர்மானம் இரண்டு. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஏதோ வேறு ஊர்க் கதை போலக் கேட்டாள். மே மாதக் கூட்டத்துக்கு வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

“என்ன கெழம சொன்ன?”

“செவ்வாய்க்கிழமை.”

“சித்திர கடேசிச் செவ்வாயா?” விரல் மடித்து எண்ணிப் பார்த்தாள். “அடியாத்தீ! அன்னைக்கு வீரபாண்டித் திருவிழால்ல! நா அக்கினிச்சட்டி எடுத்துட்டு அங்கன ஆத்துக்குள்ள நிக்கேன். ஊருல நாயும் கோழியுந்தான் இருந்திருக்கும். அம்பத்திரெண்டு பேரு ஒக்காந்து கூட்டம் போட்டோமாக்கும்? எவ டீ போட்டுக் குடுத்தா?”

சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தத் தப்பு எப்படி நேர்ந்தது என்று அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. தேதிகளைப் பிரித்துப் போடும்போது நான் பக்கத்தில் வைத்துக்கொண்டது எங்கள் பங்குக் கோயில் காலண்டர். புனித வெள்ளியைத் தவிர்த்திருக்கிறேன், ஈஸ்டரைத் தவிர்த்திருக்கிறேன், நவம்பரில் கல்லறைத் திருநாளைக்கூட ஜாக்கிரதையாகத் தாண்டியிருக்கிறேன். ஓடைக்கரட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் கிடையாது. ஜில்லாவே திரண்டுபோய் நிற்கும் வீரபாண்டித் திருவிழா உங்கள் சென்னை மூளைக்கும் எட்டவில்லை, வேளை தவறாமல் பூசைக்குப் போகும் என் மூளைக்கும் எட்டவில்லை. ஆடிட் பார்த்த மூன்று பேருக்கும் எட்டவில்லை. எல்லாரும் இந்த ஜில்லாவில் சம்பளம் வாங்கித் தின்றவர்கள்தான்.

பேச்சியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னாள். அவர்கள் இன்னும் ஓடைக்கு இறங்கித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். ஐப்பசியில் அவள் மருமகள் குடத்தோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விலகி, இன்னமும் படுக்கையில் இருக்கிறாள். தொட்டி கேட்டு மனுக் கொடுத்தார்கள். ஏற்கெனவே ஒரு தொட்டி கட்டிக்கொடுத்தாயிற்று, அதனால் இப்போதைக்கு வேறு நிதி கிடையாது என்று பதில் வந்தது. இவர்கள் கத்தியதும் ஓர் எஞ்சினீயர் வந்தார். வெறும் பாறையைப் பார்த்தார். போய் இப்படி எழுதினார்: ‘பதிவேட்டின்படி தொட்டி கட்டப்பட்டுள்ளது. தற்சமயம் இடத்தில் காணப்படவில்லை. பயனாளிகள் குழு பராமரிக்கத் தவறியுள்ளது.’ இல்லாத தொட்டியைத் தொலைத்துவிட்ட குற்றம் அந்தப் பெண்கள் தலையில் விழுந்துவிட்டது, சார். உங்கள் பாடத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கமே படித்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“கட்டவே இல்லன்னு நாங்க சொன்னா ஏறல. எழுதுனவ வந்து சொன்னா ஏறுமாம், தேனியில விசாரிக்கிற ஆபீசு மேடம் சொன்னாக. வருவியா?” என்றாள்.

உடனே வருகிறேன் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நான் சொல்லவில்லை. உங்களிடமிருந்து விலகியபின் மகளிர் கூட்டமைப்பு ஒன்றில் பதிவேடு எழுதும் வேலையில் இருந்தேன், வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். பொய்க் கணக்கு எழுதினேன் என்று ஒப்புக்கொண்டவளை யார் வைத்துக்கொள்வார்கள்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். “யோசி. நா அடுத்த செவ்வா வாரேன்” என்று எழுந்து போனாள். அடுத்த செவ்வாய் வந்தாள். அதற்கடுத்த செவ்வாயும் வந்தாள். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. ஒரு ஜீப், இரண்டு பஸ். மூன்றாவது தடவை, உட்காரச் சொல்லியும் உட்காராமல் வாசலிலேயே நின்றாள். அன்றைக்கு அவள் கூடவே கிளம்பிவிட்டேன்.

தேனியில் விசாரணை அதிகாரி ஓர் அம்மாள். என்னைவிட வயதில் சின்னவர். நல்ல மனுஷிதான், அதுவும் தொல்லையாகப் போயிற்று. பேச்சியம்மாவை ஓரத்து பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க ஏன்மா போய் மாட்டிக்கிறீங்க? சொன்னவர்தான் இறந்துட்டாரே. அவர் எழுதச் சொன்னார், என்ன ஏதுன்னு தெரியாம எழுதினேன்னு முடிச்சிருங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது.”

“அப்படிச் சொன்னா, தொட்டி கட்டலன்னு ரெக்கார்டுல ஏறுமா மேடம்?”

அவர் பேனாவை உருட்டினார். “ஏறாது. இறந்தவர விசாரிக்க முடியாதுல்ல. ‘தெளிவுபடுத்த இயலவில்லை’ன்னு ஃபைல மூடிருவாங்க.”

எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? நீங்கள் அதற்குத் தகுதியான ஆள்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, சத்தமாக வாசித்தார். அன்றைக்கு வீட்டில் பேச்சியம்மாவுக்கு வாசிக்காமல் நான் தாண்டிவிட்ட பக்கம் அது.

“‘திருமதி பேச்சியம்மாள் எழுந்து, எங்கள் பிள்ளைகளின் தாகம் தீர்ந்தது, இந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் உங்கள் எல்லாரையும் நினைத்துக்கொள்வோம் என்று கண்ணீர் மல்க நன்றி கூறினார்.’ இதையும் அவர்தான் சொன்னாரா?”

இல்லை, சார். நீங்கள் சொன்னது ‘நன்றியுரை’ என்ற ஒரே வார்த்தை. கண்ணீர் என்னுடையது, தாகம் என்னுடையது. கைநாட்டுக்காக வைத்திருந்த பெயர்ப் பட்டியலில் விரல் வைத்து, பேச்சியம்மாள் என்ற பெயர் வாகாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டதும் நான்தான். நீங்கள் அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “எழுத்துன்னா இதும்மா” என்றீர்கள். என் புருஷன் சொல்லாத வார்த்தை, பெற்றவர்கள் சொல்லாத வார்த்தை. அந்த ஒரு பாராட்டுக்காக இன்னும் பத்து ஊருக்கு நான் கண்ணீர் மல்க எழுதினேன். உங்களை எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ, அதில் ஒரு பங்கு எனக்கும் சேரவேண்டியதுதான்.

“நான் எழுதினது மேடம். தெரிஞ்சேதான் எழுதினேன். ஓடைக்கரட்டுல தொட்டி கட்டல. ஒரு கூட்டமும் நடக்கல” என்றேன். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெஞ்சில் இருந்த பேச்சியம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்னால்.

அந்த மாதமே கூட்டமைப்பில் எனக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வழக்கு வரும் என்கிறார்கள், வரட்டும். உங்கள் அறக்கட்டளைக்காரர்கள் வந்து, தெய்வமாகிவிட்ட மனுஷன் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். தெய்வமானவர் பச்சை மையை எங்கே வாங்கினார் என்று கேட்டேன், போய்விட்டார்கள். முடிந்த பணிகளின் பட்டியலிலிருந்து ஓடைக்கரட்டின் பெயரை எடுக்க அரசாங்கத்துக்கு ஏழு மாதம் பிடித்தது. அதைச் சேர்க்க நமக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதுமானதாக இருந்தது.

போன வாரம் பேச்சியம்மா வந்திருந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

“அளந்துட்டுப் போயிருக்காக. பாறைக்கு மேக்க, பள்ளிக்கொடத்துக்குப் பின்னால. கம்பி, மணலு எல்லாம் அடிவாரத்துல எறக்கியாச்சு. இந்தவாட்டி நெசமாவே கட்டுவாக போல” என்றாள்.

“நல்லதாப் போச்சு” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வெட்கங்கெட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், இன்னும் ஏதோ ஒரு வார்த்தை வரவேண்டும் என்பதுபோல. பேச்சியம்மா படிக்காதவள்தான், ஆனால் என் முகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள்.

காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நன்றி சொல்லுவேன்னு பாக்குறியா? அதத்தான் அன்னைக்கே நீயே எழுதிக்கிட்டியே, ஆத்தா” என்றாள்.

ஓடைக்கரட்டு ஜீப்பைப் பிடிக்க நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து அந்தச் சொல் என் கூடவே இருக்கிறது, சார். உங்களோடு பதினோரு வருடம் எழுதிய அத்தனை நன்றியுரைகளுக்கும், ஒரு பெண் தன் வாயால் சொல்லி நான் காதால் கேட்டது அது ஒன்றுதான்.