வராத காய்ச்சலுக்கு ஒரு லீவு லெட்டர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நலமாகவே இருக்கிறேன், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். வீடு அப்படியேதான் இருக்கிறது, பேச்சுத்தான் இல்லை. அப்பா போன பிறகு வானொலியோடு வாக்குவாதம் செய்யப் பழகிவிட்டேன், அது ஒருநாளும் விட்டுக்கொடுப்பதில்லை.

போன வாரம் என் பழைய பள்ளியில் ஒரு கூட்டம். அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்தே வருஷாவருஷம் வைக்கிற பொதுத் தேர்வுகளைக் குறைக்கலாமா என்று கருத்துக் கேட்டார்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். தேர்வு இல்லாவிட்டால் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுமா என்று பாதிப் பேர் சத்தம் போட்டார்கள். நான் ஓர் உதாரணம் சொல்கிறேன் என்று எழுந்தேன், உதாரணம் இல்லாமல் எனக்குத்தான் வாய் திறக்காதே. பள்ளியின் சராசரி இறங்கினால் தலைமையாசிரியருக்கு மெமோ வரும், அதனால் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளிடம் முன்கூட்டியே லீவு லெட்டர் வாங்கி வைத்துக்கொள்வோம், தேர்வன்று அத்தனை பேருக்கும் காய்ச்சல் என்றேன். அப்போது கருத்துக் கேட்க வந்திருந்த கல்வித்துறை அதிகாரி, "நீங்க யாரையாவது அப்படி நிறுத்தினீங்களாம்மா?" என்று கேட்டார். "என் பையனைத்தாங்க" என்றேன்.

கண்ணா, ஐந்தாம் வகுப்பில் அன்று உனக்குக் காய்ச்சல் இல்லை. நெற்றியைத் தொட்டுவிட்டுச் சுடுகிறது என்று நான் சொன்னேன், நீயும் நம்பிப் போர்த்திக்கொண்டு படுத்தாய். பசிக்கிறது என்று சொல்லக்கூட உனக்குக் கூச்சம், காய்ச்சல்காரனுக்குப் பசிக்கக் கூடாதாமே. அதற்குப் பிறகு தேர்வு என்றாலே உனக்கு நிஜமாகவே உடம்பு சுட்டது. காரணம் பிடிபடவில்லை என்றார் மருத்துவர். எனக்குப் பிடிபட்டிருந்தது, பக்கத்திலேயே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் பெற்றோர் வரிசையில் உன்னோடு படித்த தபால்காரனும் இருந்தான், அவன் வாய் சும்மா இருக்காது, அவன் சொல்லி நீ கேட்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தேர்வுகளில் பாதியை எடுத்துவிடுவோம் என்கிறார்கள், எடுத்தால் நல்லது.

பேத்திக்கும் அங்கே தேர்வு உண்டு என்றாயே, எத்தனை மதிப்பெண் வந்தாலும் சரி, அன்று அவளைப் பள்ளிக்கு அனுப்பு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. இதைப் படித்துக் கோபம் வந்தால் திட்டியே எழுது, ஒரு வரி விடாமல் படிப்பேன். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா