மாரியின் அப்பா பெயர்

மார்ச் 3, திங்கள்

காற்று. குளிர் போன மாதிரி போய்த் திரும்ப வந்துவிட்டது. கடை லீவு.

வெட்கக்கேடுதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். மூன்று நாளாக பாத்ரூமில் உட்கார்ந்து போனில் ஜெயில் கைதிகள் போட்டோவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனம் கதவைத் தட்டினால், வயிறு சரியில்லை என்றேன். இன்று மத்தியானம் ஓம வாட்டர் கொடுத்தாள். குடித்தேன்.

ஆரம்பித்தது பழைய கூட்டாளி மாரிக்காக. பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவான், இந்த வருஷம் இல்லை. நான் பண்ணினால் போன் ஆஃப். பொறுத்துப் பார்த்துவிட்டு, போன வாரம் அவன் வேலை பார்க்கும் கேஸ் ஸ்டேஷனுக்கே, அதான் பெட்ரோல் பங்குக்கே, போட்டேன். ஓனர் எடுத்தான். போலீஸ் கொண்டுபோய்விட்டது, அவன் ரூமையும் காலி பண்ணியாயிற்று, இனி இங்கே கூப்பிடாதே என்று வைத்துவிட்டான். டெக்சாஸிலேயேதான், இங்கே ரிச்சர்ட்சனிலிருந்து நாலு மணி நேரம் மேற்கே அந்த ஊர். ஊர் பூராவும் பருத்தி, ஒரே ஒரு சிக்னல் என்று மாரி சொல்லியிருக்கிறான்.

திவ்யாவிடம் கேட்டேன். "அப்பா, இட்ஸ் பப்ளிக் ரெக்கார்ட். எனிபடி கேன் லுக்" என்று லிங்க் அனுப்பினாள். நம்ம ஊரில் ஸ்டேஷனுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரிய ஒரு கவுன்சிலரையாவது பிடிக்க வேண்டும். இங்கே போனில் வருகிறது, படத்தோடு.

ஐந்தாம் கிளாஸ் இங்கிலீஷ்தான் எனக்கு. ஆனால் அந்த லிஸ்ட் பெரிய எழுத்தில், கிச்சனுக்கு வரும் ஆர்டர் டிக்கெட் மாதிரியே இருந்தது. படிக்க வந்தது. வந்ததுதான் தப்பு. ஒருத்தன் கல்யாணப் போட்டோ மாதிரி சிரிக்கிறான். ஒருத்திக்கு என்ன முடி, என்ன முடி! ஒருத்தன் ஒரே வாரத்தில் இரண்டு தடவை உள்ளே. ரெகுலர் கஸ்டமர். காலையில் எழுந்ததும் புதிதாக யார் வந்தார்கள் என்று பார்க்கும் அளவுக்குப் போய்விட்டது.

மாரி மட்டும் இல்லை.

சாயங்காலம் திவ்யா போன். போன தீபாவளிக்கு அவனுக்குப் பொடி அனுப்பின போஸ்ட் ரசீதைப் பார்த்தாளாம். அந்த ஊர் அடுத்த கவுண்டியாம், நம்ம ஜில்லா மாதிரி, அதற்குத் தனி ஜெயில். மூன்று நாளாக நான் பழகினது பக்கத்துக் கவுண்டிக்காரர்களோடு.

மார்ச் 4, செவ்வாய்

மேகம். வெங்காயம் நாலு மூட்டை. கொத்தமல்லி வரவில்லை.

சரியான கவுண்டி கிடைத்தது. படமே கிடையாது. ஒரு கட்டம், அதில் லாஸ்ட் நேம் போட வேண்டும், அவ்வளவுதான். மாரி என்று போட்டேன். இல்லை. மாரியப்பன். இல்லை. திவ்யா, "லாஸ்ட் நேம்னா ஹிஸ் டாட்ஸ் நேம், அப்பா" என்றாள்.

அதுவும் சரிதான். நானே இங்கே மிஸ்டர் சுப்பையா. பேங்கில், டாக்டர் ஆபீஸில், எல்லா இடத்திலும் எங்கப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். பாவம், மனுஷன் மெட்ராஸ் தாண்டினதில்லை.

ஆனால் மாரியின் அப்பா பெயர்?

ஜெர்சி சிட்டியில் எட்டு வருஷம் ஒரே ரூம். ஜர்னல் ஸ்கொயர் பக்கம் பேஸ்மெண்ட், தலைக்கு மேலே பைப். அவன் பகல் ஷிஃப்ட், நான் ராத்திரி ஷிஃப்ட், கட்டில் ஒன்று. அவன் எழுந்திருக்கும்போது போர்வை சூடாக இருக்கும், அதில் போய்ப் படுப்பேன். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது: இடது கையால் தோசை திருப்புவான். பனி பெய்தால் வாசலில் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்பான், நாற்பது வயதில். ரசம் என்றால் அவன் ரசம்தான். என் ரசத்தை வாயில் விட்டுக்கொண்டு கண்ணை மூடி, "வெந்நி நல்லாருக்குண்ணே" என்பான். செருப்பு எட்டு. காபிக்கு மூன்று சர்க்கரை.

அப்பா பெயர் தெரியாது. எங்கப்பா, எங்கப்பா என்றே சொல்வான். பெயரைச் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை. யார் கேட்பார்கள்?

மூன்று மணிக்கு பிரேக்கில் ஜெயிலுக்கே போட்டேன். ஒரு அம்மா. குரல் நல்ல குரல், என்னை ஹனி என்று கூப்பிட்டாள். (தனத்திடம் சொல்லவில்லை.) என் இங்கிலீஷைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு லாஸ்ட் நேம் என்ன என்றாள். மாரி என்றேன். அது ஃபர்ஸ்ட் நேம் ஹனி, லாஸ்ட் நேம் இல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்.

தெரிந்த நாலு பேருக்கு போன். யாருக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் அவன் மாரி.

மார்ச் 5, புதன்

மழை. ஷூ நனைந்தது.

கிடைத்தது!

தனம் எவர்சில்வர் தூக்கிலிருந்து புளி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தூக்கு மாரியுடையது. டெக்சாஸுக்கு நான் முதலில் கிளம்பினபோது, "வச்சுக்கண்ணே, நானும் வந்துருவேன், அப்ப வாங்கிக்கறேன்" என்று கையில் திணித்தான். வந்தான். வாங்கிக்கொள்ளவில்லை. பதிமூன்று வருஷமாக எங்கள் வீட்டுப் புளி அதில்தான்.

"ஏங்க, பேரு வெட்டியிருக்குமே" என்றாள்.

வெட்டாமல் விடுவார்களா? நம்ம ஊரில் எவர்சில்வர் வாங்கினால் கடையிலேயே மெஷின் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பெயர் போட்டுத்தானே கொடுப்பார்கள், கல்யாண வீட்டில் மாறிப்போகக் கூடாது என்று. தினம் பார்க்கிற தூக்கு. ஒரு நாள் திருப்பிப் பார்த்ததில்லை. துடைத்தால் கழுத்துக்குக் கீழே: சி. பெருமாள்.

மாரியின் அண்ணன் பெயர் வேறு. பாத்திரத்தில் வீட்டுத் தலைவர் பெயர்தான் வெட்டுவார்கள். போட்டேன். ஒரே பெருமாள்தான் இருந்தான் அந்தக் கவுண்டி பூராவிலும். பெருமாள், மாரியப்பன். கண் பழுப்பு. எடை நான் நினைத்ததற்கு மேலே. குற்றம் என்ற இடத்தைத் திவ்யாவை விட்டுப் படிக்கச் சொன்னேன். கார் பின்லைட் எரியவில்லை என்று அபராத டிக்கெட், அதற்குக் கோர்ட்டுக்குப் போகவில்லை. அவ்வளவுதானா? கொலை வரைக்கும் யோசித்துவிட்டேன். கொஞ்சம் ஏமாற்றம்கூட.

ஹனி அம்மாவுக்கு போன். பெருமாள் என்றதும் உடனே சொன்னாள். தண்டனை நாள் முடிந்தது, நாளைக் காலை பத்து மணிக்கு வெளியே. பஸ் அந்த ஊர்ப் பக்கம் வராது. கூட்டிப் போக யாராவது இருக்கிறார்களா என்று அவளே கேட்டாள். அவன் யாரையும் சொல்லவில்லையாம்.

ஐ கம், ஐ கம் என்றேன். இரண்டு தடவை.

கடையில் லீவு சொல்லியாயிற்று. தனம் புளியை வேறு டப்பாவில் மாற்றினாள்.

மார்ச் 6, வியாழன்

வெயில். போக வர எட்டு மணி நேரம். முதுகு.

ரசம் வைத்துத் தூக்கில் எடுத்துப் போனேன், என் கையால். உள்ளே கொடுக்க விடமாட்டார்கள் என்று ஹனி அம்மா சொல்லியிருந்தாள், அதனால் காரிலேயே வைத்தேன். அவளை நேரில் பார்த்தேன். எழுபது வயதிருக்கும். தனத்திடம் சொல்லிவிடலாம்.

ஜெயில் நம்ம ஊர் பஞ்சாயத்து ஆபீஸ் அளவுதான். பத்தே காலுக்கு மாரி வந்தான். காகிதப் பை ஒன்று. மீசை வெள்ளை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கிட்டே வரவில்லை. நான்தான் போனேன்.

"என்னடா, ஜெயில் சாப்பாடு உடம்புல ஒட்டியிருக்கு" என்றேன்.

"எப்படிண்ணே கண்டுபிடிச்ச?"

தூக்கைக் காட்டினேன். வாங்கி, அந்தப் புள்ளிகளைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். வெகு நேரம். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

கோர்ட் காகிதம் வந்ததாம். தடி காகிதம். படிக்கத் தெரியாமல், சூடான தோசைக்கல் பிடிக்க வைத்துக்கொண்டானாம். பிடிக்க வசதியாக இருந்தது என்றான்.

ஏன்டா எனக்குப் போன் பண்ணவில்லை என்றேன். நம்பர் எல்லாம் போனில், போன் அவர்களிடம். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர், நம்ம ஜெர்சி சிட்டி கடை நம்பர். எட்டு வருஷம் பார்சல் ஆர்டர் எடுத்து எடுத்து வாயில் வந்த நம்பர். கடை மூடி எத்தனை வருஷம். இப்போது அது நகம் வெட்டுகிற பார்லராம்.

"தெரியும்ணே, இருந்தாலும் தினம் போட்டேன். நீ எடுத்துட மாட்டியான்னு."

எனக்கும் அந்த நம்பர் ஞாபகம் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிப் பார்த்தோம், கடைசி எண் வரைக்கும். இனி எங்கள் வீட்டு ஹாலில்தான் படுக்கை என்றேன். கட்டில் யாருக்கு என்றான்.

ஒரு மணி நேரம் வந்திருப்போம். ரசம் குடிக்கிறேன் என்று தூக்கின் மூடியைத் திறந்தான். மான் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். மானுக்கு ஒன்றுமில்லை. ரசம் முழுவதும் மாரி மடியில். சட்டைக் கையை வாயில் வைத்துப் பார்த்தான். உப்பு பத்தவில்லை என்றான்.