எந்த மாத்திரைன்னே தெரியல

என்னாங்க,

நீங்க கொல்லைக்குப் போனதும் டவுனுக்குப் போற ஜீப்பு வந்துடுச்சி. சொல்லாம கிளம்புறேன், கோச்சிக்காதீங்க. தைராய்டுக்கு வேற டாக்டரப் பாக்க திருப்பத்தூர் போறேன்.

சாமைச் சோறு மூடி வெச்சிருக்கேன், கொள்ளுக் குழம்ப சூடு பண்ணிக்கோங்க. புளி வியாபாரி வந்தா, புளி வெச்ச ரூம்பு சாவி அரிசிப் பானையில இருக்குது.

நேத்து "பட்டப்பகல்ல இன்னாடி தூக்கம், சோம்பேறி"ன்னு திட்டினீங்க. நோவா, சோம்பலா, எனக்கே புரியலீங்க. மொதல்ல பாத்த டாக்டர் மாத்திரைய நூறு பவரா ஏத்தினாரு. அடுத்தவரு அதே ரத்த ரிப்போர்ட்டப் பாத்துட்டு, "எல்லாம் நார்மல்மா, இருபத்தஞ்சு போதும்"னாரு. மருந்துக் கடைக்காரரு ஐம்பதக் குடுத்து, ரெண்டுக்கும் நடுவுல இருக்கட்டும்னாரு. எதைச் சாப்பிடறதுன்னு தெரியாம மூணு வாரமா எதையுமே சாப்பிடல. உங்ககிட்ட சொல்லவும் பயம்.

சசிகலா

இன்னொன்னு. அசதியா இருக்குதுன்னு நான் சொன்னா டாக்டருங்க பேப்பரத்தான் பாக்குறாங்க, என் மூஞ்சியப் பாக்கறதில்ல. முன்ன ஒரு மூட்டை புளிய ஒத்தையாத் தூக்கினவ நான். இப்ப ஒரு கொடம் தண்ணிக்கே உக்காந்துடறேன். ரெண்டையும் பாத்தவரு நீங்க மட்டுந்தான். அடுத்த ஜீப்புல வந்துடுங்க, நீங்க சொன்னாலாவது இந்தப் புது டாக்டரு நம்புவாரு.